ஈயக்காட்டில் ஒரு தமிழ்க் குளம்!

தாய்லாந்து தேசத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் இருக்கிறது. அதுவும் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட கல்வெட்டு!

அந்தக் கல் போர் வெற்றியைப் பற்றிப் பேசவில்லை. மன்னரின் புகழையும் நீட்டி முழக்கவில்லை. ஒரு குளத்தைப் பற்றிச் சொல்கிறது. குளத்தை யார் காக்க வேண்டும் என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

அந்தக் கல் கிடைத்த வட்டாரத்தின் பெயர் தக்குவா பா. "தக்குவா" என்றால் ஈயம். "பா" என்றால் காடு. நம் பாஷையில் சொன்னால் "ஈயக்காடு"!

ஒரு காலத்தில் அது தனி ஜில்லா. இன்று ஒரு தாலுகா. கப்பல் வணிகத்தால் வாழ்ந்து, ஈயத்தால் செழித்து, சுனாமியால் சிதைந்து, மறுபடியும் எழுந்து நிற்கும் ஊர். அதன் கதையைப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

தாய்லாந்தின் வரைபடத்தைப் பார்த்தால் யானைத் தலை போல் இருக்கும். அந்த யானையின் தும்பிக்கை போலத் தெற்கே நீண்டு தொங்குகிறது ஒரு நிலப்பகுதி. தும்பிக்கையின் மேற்குக் கரையில் இருக்கிறது தக்குவா பா. தலைநகரான பாங்காக்கிலிருந்து சாலை வழியே போனால் 700 கிலோமீட்டருக்கு மேல். உல்லாசப் பயணிகள் கூடும் புக்கெட் தீவுக்கு வடக்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

மேற்கே அந்தமான் கடல். அந்தக் கடலைத் தாண்டினால் அந்தமான் தீவுகள். அதையும் தாண்டி வங்கக் கடலில் நேராக வந்தால் நம் சோழமண்டலக் கரை!

வடக்கே குரா புரி தாலுகா. கிழக்கே காபொங் தாலுகாவும் சூரத் தானி ஜில்லாவின் மலைகளும். தெற்கே தாய் முவாங் தாலுகா. தக்குவா பாவின் பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும்.

மழைக்குப் பஞ்சமே இல்லை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் அக்டோபர் வரை கொட்டித் தீர்க்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்!

மலைச் சரிவுகளில் ரப்பர், எண்ணெய்ப் பனை. தோட்டங்களில் ரம்புத்தான், மங்குஸ்தான், முள்நாறி எனப்படும் துரியான் பழம். மலையிலிருந்து இறங்கும் தக்குவா பா ஆறு வளைந்து வளைந்து ஓடி, கோ கோ காவ் என்ற தீவுக்கு எதிரே கடலில் கலக்கிறது.

கல் என்ன சொல்கிறது?

ஆற்றின் மேல்பகுதியில், ஓடைகள் வந்து கூடும் இடத்தில், காட்டுக்குள் ஒரு குன்று இருக்கிறது. அதன் பெயர் காவ் பிரா நாராய். "நாராயணர் குன்று" என்று அர்த்தம். பழைய தக்குவா பா ஜில்லாவைச் சேர்ந்த அந்த இடம், இன்று காபொங் தாலுகாவின் எல்லைக்குள் இருக்கிறது.

அங்கே பழைய கற்சிலைகள் கிடந்தன. திருமாலின் உருவமும் அவற்றில் ஒன்று. காலப்போக்கில் ஒரு மரம் வளர்ந்து, வேர்களால் அவற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அந்தச் சிலைகளைச் சார்ந்த இடத்தில்தான் தமிழ்க் கல்வெட்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது.

ஜெர்மானிய அறிஞர் ஹூல்ச் அதைப் படித்து 1913, 1914-ஆம் ஆண்டுகளில் எழுதினார். பிறகு நம் நாட்டுச் சரித்திரப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஆராய்ந்து எழுதினார்.

கல்லின் சில பகுதிகள் சிதைந்துவிட்டன. ஆனாலும் முக்கியமான செய்தி தப்பிவிட்டது. அது இதுதான்:

நாங்கூரோடு தொடர்புடைய ஒருவர் இங்கே குளம் தோண்டினார். குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் அடைக்கலம்.

"மணிக்கிராமம்" என்பது பழங்கால வணிகர் சங்கம். அவர்கள் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள். "சேனாமுகத்தார்" என்பவர்கள் படைவீரர்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். "அவனிநாரணன்" என்பது 9-ஆம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப் பெயர். நாங்கூர், சீர்காழிக்கு அருகில் இருக்கும் திருநாங்கூர்தான் என்பது அறிஞர்களின் கருத்து.

சற்று யோசித்துப் பாருங்கள். சீர்காழிப் பக்கத்து மனிதர் கடல் கடந்து போகிறார். அங்கே குளம் வெட்டுகிறார். தம் நாட்டு மன்னரின் பெயரை அதற்கு வைக்கிறார். "நான் ஊர் திரும்பிவிட்டால் இந்தக் குளத்தை யார் பார்த்துக்கொள்வது?" என்று கவலைப்படுகிறார். பொறுப்பை ஆள் பார்த்து ஒப்படைக்கிறார். அதைக் கல்லிலும் வெட்டி வைக்கிறார்!

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகப் புரியும். குளத்தை வெட்டுவது ஒரு வருஷ வேலை. தூர் வாரிக் காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்யவேண்டிய வேலை.

அந்தக் கல் இன்று தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் நகரில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கப்பல் வந்த துறை

நம்மவர்கள் அவ்வளவு தூரம் ஏன் போனார்கள்?

தென்னிந்தியாவிலிருந்து சீனாவுக்குக் கடல் வழியே போகவேண்டுமானால், மலாக்கா ஜலசந்தியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடற்கொள்ளைக்காரர் பயம் வேறு! தும்பிக்கைப் பகுதியோ மிகவும் குறுகலானது. மேற்குக் கரையில் சரக்கை இறக்கி, ஆற்று வழியாகவும் மலைக் கணவாய் வழியாகவும் கொண்டுபோனால் கிழக்குக் கரை வந்துவிடும். அங்கே வேறு கப்பலில் ஏற்றலாம். தக்குவா பா அப்படிப்பட்ட இறங்கு துறையாக இருந்தது.

ஆற்று முகத்தில் இருக்கும் கோ கோ காவ் தீவில் துங் துக் என்று ஓர் இடம். அங்கே தாய்லாந்துத் தொல்பொருள் துறையினர் தோண்டினார்கள். செங்கல் அடித்தளங்கள், கண்ணாடி மணிகள், சீனத்துப் பீங்கான் சில்லுகள், பாரசீகப் பகுதியிலிருந்து வந்த பாண்டத் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. சீனரும் அரபு நாட்டாரும் தமிழரும் ஒரே துறையில் பேரம் பேசிய காலம் அது!

கிரேக்க அறிஞர் தாலமி 2-ஆம் நூற்றாண்டில் "தக்கோலா" என்ற துறைமுகத்தைக் குறிப்பிட்டார். ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியலிலும் "தலைத்தக்கோலம்" வருகிறது. அது தக்குவா பாதான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். இன்னும் தெற்கே உள்ள திராங் பகுதி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை.

பழைய வழி மட்டும் மறையவில்லை. இன்று தக்குவா பாவில் புறப்பட்டு மலையைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகும் 401-ஆம் எண் நெடுஞ்சாலை, ஏறக்குறைய அந்த வணிகர்கள் போன திசையில்தான் போகிறது.

ஈயம் படுத்திய பாடு

நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் செம்பைத் தாய்மார்கள் அறிவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் அதுவே. அதற்குச் சரியான பெயர் வெள்ளீயம். தமிழ்நாட்டில் வெள்ளீயச் சுரங்கம் இல்லை. தக்குவா பா மண்ணிலோ வெள்ளீயம் மணலோடு மணலாகக் கலந்து கிடந்தது!

இந்தச் செல்வமே வம்பையும் வரவழைத்தது. 1785-ஆம் ஆண்டில் பர்மியப் படைகள் இந்தக் கரையைத் தாக்கி, தக்குவா பாவையும் பிடித்தன. 1809-இல் மறுபடியும் வந்தன.

19-ஆம் நூற்றாண்டில் சீனத்து ஹொக்கியன் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மண்ணைத் தோண்டினார்கள். தண்ணீரைப் பாய்ச்சி மணலைக் கழுவினார்கள். கனமான தாது அடியில் தங்கும்; லேசான மணல் ஓடிவிடும். ஏழைப் பெண்கள் மரத்தட்டில் மணலை அள்ளி, அரிசி களைவது போல அலசி, பிடி ஈயம் சேர்த்தார்கள்.

பணம் புரண்டது. முன்புறம் வளைவு வைத்த மாடிக் கடைவீடுகள் எழும்பின. பழைய ஊரில் அவற்றை இன்றும் பார்க்கலாம். அங்கே விற்கும் "தாவ் சோ" என்ற பருப்புப் பூரணப் பலகாரம் பெயர் பெற்றது. நம் சோமாசியைத் தின்றவர்களுக்கு அதுவும் பிடிக்கும்!

ஆனால் ஈயம் கொடுத்த ஊரை ஈயமே கெடுத்தது. சுரங்கங்களில் கழுவிவிட்ட மண் ஆற்றில் சேர்ந்தது. ஆறு தூர்ந்தது. கப்பல்கள் பழைய ஊருக்கு வர முடியவில்லை. கடைத்தெருவும் கச்சேரியும் சில கிலோமீட்டர் கீழே, யான் யாவ் என்ற இடத்துக்கு நகர்ந்தன. இன்று பஸ் நிலையமும் பெரிய சந்தையும் இருப்பது அங்கேதான்.

1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களை ஈர்த்த ஈயக்காட்டில் ஈயத் தொழில் ஓய்ந்தது.

ஜில்லா தாலுகாவாயிற்று

பழைய சயாமில் ஊரை ஆண்ட தலைவருக்குச் சம்பளம் கிடையாது. வரியிலும் கட்டணத்திலும் தம் பங்கை எடுத்துக்கொள்வார். அதற்குத் தாய்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "ஊரைத் தின்பது"! பதவி பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் தந்தைக்குப் பின் மகனாகப் போகும். தக்குவா பாவிலும் அப்படித்தான். ஊர்த் தலைவரின் மாளிகையைச் சுற்றியிருந்த மதில் சுவரின் பகுதி இன்னும் நிற்கிறது.

1892-இல் மன்னர் சூலாலங்கோர்ன் தம் தம்பி இளவரசர் தம்ரோங்கை உள்நாட்டு மந்திரியாக நியமித்தார். அவர் இந்த முறையை ஒழிக்கத் தொடங்கினார். சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களை நியமித்தார். கிராமத் தலைவரைக் கிராமத்தாரே தேர்ந்தெடுக்கலாம் என்றார். 1897-இல் இதற்குச் சட்டமும் வந்தது.

தக்குவா பா தனி ஜில்லாவாக இருந்தது. பிறகு உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. சர்க்கார் சிக்கனம் பார்த்தது. சிறிய ஜில்லாக்களைக் கலைத்தது. 1932-ஆம் ஆண்டு தக்குவா பா ஜில்லா, பக்கத்து பாங்கா ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. ஜில்லா தாலுகாவாகிவிட்டது!

நிர்வாகம் எப்படி?

தாலுகாவுக்குத் தாய் மொழியில் "அம்போ" என்று பெயர். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். "அம்போ" என்று விடப்பட்ட ஊர் அல்ல அது! அடுக்கடுக்காக ஆள் இருக்கிறார்கள்.

ஜில்லாவுக்குத் தலைவர் கவர்னர். நம் கலெக்டரைப் போன்றவர். பாங்கா ஜில்லாவில் எட்டு அம்போக்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி. கவர்னரையும் அம்போ அதிகாரியையும் பாங்காக்கிலிருந்து உள்நாட்டு அமைச்சகம் நியமிக்கிறது.

அம்போவுக்குக் கீழே "தம்போன்". நம் பிர்க்காவைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தக்குவா பாவில் எட்டு தம்போன்கள். தம்போனுக்குக் கீழே கிராமங்கள். கிராமத் தலைவரைக் கிராமத்தார் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமத் தலைவர்களில் ஒருவர் தம்போன் தலைவராகிறார். அவருக்குக் "கம்னான்" என்று பெயர்.

இது மேலிருந்து வரும் அடுக்கு. இதோடு ஜனங்கள் ஓட்டுப் போட்டு அமைக்கும் அடுக்கும் உண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தம்போன் நிர்வாக மன்றங்கள் ஏற்பட்டன. சாலை, குப்பை, குடிநீர் போன்றவை அவர்கள் பொறுப்பு. பட்டணப் பகுதிக்கு நகரசபை இருக்கிறது.

ஆக, காவலுக்கு ஆள் உண்டு. ஆனால் காவல் சரியாக இருக்கிறதா என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. ஆபத்து வரும்போதுதான் தெரியும். அந்த ஆபத்தும் வந்தது.

கடல் பின்வாங்கியது

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை.

காவ் லாக் கடற்கரையில் ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஐரோப்பாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஆற்று முகத்தில் இருக்கும் பான் நாம் கெம் கிராமத்தில் மீனவர்கள் படகுகளோடு இருந்தார்கள். "உப்பு நீர்க் கிராமம்" என்பது அந்தப் பெயரின் பொருள். ஈயம் தேடி வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. ஈயம் போன பிறகு மீன்பிடிப்பே பிழைப்பு.

காலை பத்து மணி கடந்தது. திடீரென்று கடல் பின்வாங்கியது. கடலின் அடித்தரை தெரிந்தது. மீன்கள் துள்ளின. விவரம் தெரியாதவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். சிலர் மீன் பொறுக்கினார்கள்.

பிறகு அலை வந்தது. சில இடங்களில் அதன் உயரம் பத்து மீட்டர்! மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்!

பாங்கா ஜில்லாவில் மட்டும் 4,200-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தாய்லாந்து முழுவதும் மாண்டவர்கள் 5,300-க்கு மேல். மன்னர் பூமிபாலின் பேரன் பூம் ஜென்சனும் மாண்டவர்களில் ஒருவர். அவருக்குக் காவலாகக் கடலில் நின்ற போலீஸ் படகை அலை தூக்கிக்கொண்டு போய், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் போட்டது. 813-ஆம் எண்ணுள்ள அந்தப் படகை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

யான் யாவ் புத்தர் கோயில் வளாகத்தில் ஆயிரக்கணக்கான உடல்கள் கிடத்தப்பட்டன. பல நாட்டு மருத்துவர்கள் வந்து அடையாளம் காண உதவினார்கள். பர்மாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களும் ஏராளமாக மாண்டிருந்தார்கள். அவர்களைத் தேடி வர உறவினர்கள் பயந்தார்கள். உரிய அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்களே! பத்தாண்டு கழிந்த பிறகும் நூற்றுக்கணக்கான உடல்களுக்குப் பெயர் தெரியவில்லை. தக்குவா பாவின் பாங் மருவான் மயானத்தில் அப்படிப்பட்டவர்களைப் புதைத்திருக்கிறார்கள்.

அதே நாளை நாமும் மறக்க முடியாது. சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அலைகள் கிழக்கிலும் பாய்ந்தன, மேற்கிலும் பாய்ந்தன. தாய்லாந்தின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பத்து மணிக்கு மேல் என்றால், இங்கே ஒன்பது மணிக்கு முன்பின். நாகப்பட்டினத்தையும் தரங்கம்பாடியையும் பூம்புகார்ப் பக்கத்துக் குப்பங்களையும் அலை அடித்ததும் ஏறக்குறைய அதே நேரந்தான்!

குளம் வெட்டியவர் பிறந்த நாங்கூர், பூம்புகார்க் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் புறப்பட்ட கரையும், அவர் போய்ச் சேர்ந்த கரையும் ஒரே காலையில் அழுதன.

நிலம் யாருடையது?

அலை வடிந்ததும் இன்னொரு துன்பம் தொடங்கியது.

வீடு இருந்த இடத்துக்கு ஜனங்கள் திரும்பிப் போனார்கள். சில இடங்களில் "இது எங்கள் நிலம். உள்ளே வராதே!" என்று தடுத்தார்கள். பழைய ஈயச் சுரங்கக் குத்தகை நிலங்களில் ஜனங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள். ஆனால் கையில் பட்டா இல்லை. பத்திரம் வைத்திருந்த பணக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். கடற்கரை நிலத்துக்கு ஹோட்டல்களால் விலை ஏறியிருந்த காலம் அது!

"மொக்லென்" என்ற கடலோரப் பழங்குடி மக்களுக்கும் இதே கதி. தலைமுறை தலைமுறையாகக் கரையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். கல்லறைகள்கூட அங்கே இருந்தன. காகிதம் மட்டும் இல்லை!

தாப் தவான் என்ற இடத்து மொக்லென் மக்கள் நிவாரண முகாமில் முடங்கிக் கிடக்கவில்லை. பழைய இடத்துக்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். பான் நாம் கெம் மக்களும் விடவில்லை. வழக்கு, மனு, பேச்சுவார்த்தை என்று பல ஆண்டுகள் இழுத்தது. பலர் தங்கள் இடத்திலேயே மறுபடியும் வீடு கட்டிக்கொண்டார்கள்.

அம்போ கச்சேரியின் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் வீடே இருந்தும் இல்லாதது போலத்தான். நம் ஊரில் பட்டாவுக்காக அலைந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யார் காவல்?

2004-இல் எச்சரிக்கை கொடுக்க ஆளில்லை. அடுத்த ஆண்டே தாய்லாந்து, தேசியப் பேரழிவு எச்சரிக்கை நிலையத்தை அமைத்தது. கடற்கரையில் சங்கு ஊதும் கோபுரங்கள் எழும்பின. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேரழிவு நேரத்தில் ஜில்லாவுக்குக் கவர்னரும், அம்போவுக்கு அதன் அதிகாரியும், அதற்குக் கீழே உள்ளாட்சித் தலைவர்களும் பொறுப்பு. "எனக்குத் தெரியாது" என்று யாரும் கை விரிக்க முடியாது.

ஆனால் பான் நாம் கெம் மக்கள் சர்க்காரை மட்டும் நம்பி இருக்கவில்லை. தாங்களே தொண்டர் படை அமைத்தார்கள். கடலைப் பார்க்கச் சிலர். ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சிலர். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகச் சிலர். எந்தத் தெருவார் எந்த வழியாக மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதற்குப் பலகை. ஒத்திகையும் நடத்துகிறார்கள்.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று சுமத்ராக் கடலில் மறுபடியும் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. அந்தமான் கரை முழுவதும் எச்சரிக்கை பறந்தது. ஜனங்கள் மேட்டுப் பகுதிகளுக்குப் போனார்கள். நல்ல வேளை, பெரிய அலை வரவில்லை. அலை வராவிட்டாலும் அன்றைய ஓட்டம் வீண் போகவில்லை. அடுத்த முறை எப்படி ஓட வேண்டும் என்பது தெரிந்தது.

இன்று காவ் லாக்கில் ஹோட்டல்கள் மறுபடியும் நிரம்புகின்றன. பழைய ஊரின் கடைத்தெருவைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். ஆலமர விழுதுகள் தொங்கும் ஓடையில் சிறு படகில் போகிறார்கள். பான் நாம் கெம் துறையிலிருந்து கோ கோ காவ் தீவுக்குப் படகு ஓடுகிறது.

தக்குவா பாவுக்கு எல்லாமே வெளியிலிருந்துதான் வந்தது. வணிகம் கடலில் வந்தது, போனது. ஈயத்தின் விலையை வெளியார் வைத்தார்கள், வெளியாரே கவிழ்த்தார்கள். அலையும் கடலில்தான் வந்தது. உல்லாசப் பயணிகளும் வருகிறார்கள். ஒரு நாள் அவர்களும் வராமல் போகலாம். ஊரில் நிலைத்து நிற்பது ஊரார் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட பொறுப்பு ஒன்றுதான்.

சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர், "இந்தக் குளம் இன்னார் காவல்" என்று கல்லில் வெட்டி வைத்தார். பான் நாம் கெம் மக்கள், "இந்தக் கிழவி இன்னார் பொறுப்பு, இந்தக் குழந்தை இன்னார் பொறுப்பு" என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சங்கு ஊதினால் யார் யாருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் கடற்கரைக் குப்பங்களிலும் அது தெரிந்திருக்க வேண்டும்.